யாரும் தொடக்கூடாத படகு

தனியாகப் போகப்போவதை அறிவிப்பதற்காக என் அத்தான் ஒரு கூட்டம் கூட்டினார். எங்கள் டிரைவிங் ஸ்கூலின் முன்னறையில், சாலைக் குறியீடுகள் வரைந்த பலகைக்குக் கீழே, அக்காவையும் என்னையும் பாடத்துக்கு வந்திருந்தவர்களையும் உட்காரவைத்து, "மூணு ஆறு. ஒரே ஆள். கடல் வரைக்கும். உதவி கிடையாது," என்றார். கைதட்டுங்கள் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் தட்டும்வரை அடுத்த வாக்கியத்துக்கும் போகவில்லை.

அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். ஸ்கூல் அவருடையது. வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள் இருவர்: ஒன்று அவர், இன்னொன்று அவருக்குப் பயந்த நான். அக்கா உள்ளறையில், சாலை வரைந்த மேஜைமேல் பொம்மைக் கார்களை நகர்த்தி, நாற்சந்தியில் யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்று பாடம் எடுப்பாள். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். படிப்பவர் தடுமாறினால் மிதிக்க வேண்டியது அது. அத்தான் தடுமாறுவதற்கு முன்பே மிதித்துவிடுவார். தொலைக்காட்சியில் யாராவது வேகமாகக் கார் ஓட்டினாலும் சோபாவில் அவர் கால் தரையை அழுத்தும். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ரெண்டாவது பிரேக்'. எனக்கு வைத்த பெயரை நான் இங்கே எழுதுவதாக இல்லை.

ஆயுளில் ஒரு ஆளையும் ஒரு தெருமுனைவரை தனியாக விடாத மனிதர், தானே தனியாகக் கிளம்புகிறேன் என்றதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. கூட யாராவது போயிருந்தால் அவர்கள் துடுப்புப் போடும் அழகை இவர் திருத்திக்கொண்டே வந்திருப்பார். இரண்டாவது வளைவு வருவதற்குள் இருவரில் ஒருவர் தண்ணீரில் இருந்திருப்பார்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு மருத்துவர். "உட்கார்ந்தே இருக்கீங்க, கொஞ்சம் உடம்பை அசைங்க," என்று அவர் சொன்னதை அத்தான், 'கயாக் வாங்கு' என்று புரிந்துகொண்டார். மஞ்சள் நிறத்தில், ஆள் ஒருவரைச் செருகிவைக்கும் அளவுக்கு ஒரு ஓட்டை மட்டும் உள்ள அந்த நீளப் படகு, ஸ்கூல் முற்றத்தில் பயிற்சிக் கார் நிற்கும் இடத்தில் வந்து படுத்துக்கொண்டது. கார் தெருவுக்குப் போனது. அதைத் துடைக்கிற வேலை எனக்கு வந்தது.

படகைப் பற்றிச் சொல்லிவிட்டேன். விதியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டில் எங்கோ ஒரு சங்கம். ஆறுகளில் தனியாகப் போகிறவர்களுக்கு, 'ஆமாம், இவர் தனியாகத்தான் போனார்' என்று சான்று கொடுப்பது அதன் தொழில். அவர்கள் விதிப்படி, கிளம்பிய இடத்திலிருந்து கடல்வரை படகையோ துடுப்பையோ மூட்டையையோ வேறு மனிதக் கை தொடக்கூடாது. அணை வந்தால் கரையேறி, படகைத் தானே இழுத்துக்கொண்டு அணைக்குக் கீழே போய் இறங்க வேண்டும். எவராவது தொட்டுவிட்டால், தொட்ட இடத்துக்கு முந்தைய இடத்துக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து மறுபடியும் வர வேண்டும்.

"தொட்டாங்களா இல்லையான்னு யார் அத்தான் பாத்துக்கிட்டிருப்பாங்க?" என்று கேட்டேன்.

"மனசாட்சி."

மனசாட்சி பார்ப்பதற்கு இவ்வளவு தண்ணீர் எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்கு மாதச் சம்பளம் அவர்தான் கொடுக்கிறார்.

போனார். அவர் தோளில் மாட்டியிருந்த கருவி, அவர் இருக்கும் இடத்தை ஒரு சிவப்புப் புள்ளியாக எங்கள் கணினித் திரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. முன்னறையில் பாடத்துக்குக் காத்திருப்பவர்கள் பழைய வாரப் பத்திரிகையைப் புரட்டுவதை விட்டுவிட்டுப் புள்ளியைப் பார்க்கத் தொடங்கினார்கள். புள்ளியைப் போல அலுப்பான பொருள் உலகத்தில் இல்லை. அது நகர்வதில்லை, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் நகர்ந்திருக்கும்.

நீர்ச்சுழி, பாறை, புயல் என்று நாங்கள் பயந்ததெல்லாம் வீண். அத்தானுக்கு ஆற்றில் இருந்த ஒரே ஆபத்து நல்ல மனிதர்கள். ஒரு மனிதன் கஷ்டப்படுவதைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டு சும்மா நிற்க எவராலும் முடியவில்லை. அவர் கூடாரத்தில் தூங்கும்போது, தண்ணீர் ஏறுகிறதே என்று யாரோ படகை மேட்டுக்கு இழுத்துக் கட்டிவிட்டுப் போனார்கள். இன்னொரு இடத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, படகு அழுக்காக இருக்கிறதே என்று தேய்த்துக் கழுவிவிட்டாள். ஒவ்வொரு முறையும் அத்தான் முந்தைய வளைவுவரை நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போட்டுப் போய்த் திரும்பினார்.

"சார் ரிவர்ஸ் எடுக்கிறாரு," என்று முன்னறையில் ஒருவர் கத்துவார். எல்லோரும் திரையைச் சுற்றிக் கூடுவார்கள்.

உச்சக்கட்டம் மணல்திட்டு. படகு திட்டில் ஏறி நின்றுவிட்டது. பக்கத்தில் வலை போட்டுக்கொண்டிருந்த மீன்காரர் வந்து, ஒரு வார்த்தை பேசாமல், காலால் ஒரு உதை கொடுத்துப் படகை ஆழத்துக்கு அனுப்பிவிட்டார்.

"கால்தானே அத்தான்? கைன்னுதானே விதியில இருக்கு?" என்றேன் போனில்.

"குறுக்குவழி உன் புத்தி. எனக்கு வேண்டாம்."

மேலே போய், திரும்பி வந்து, அதே திட்டில் வேண்டுமென்றே ஏறி மாட்டிக்கொண்டார், தானே விடுபடுவதற்காக. மீன்காரர் பார்த்தார். 'ஐயோ, இந்த மனுஷன் மறுபடியும் மாட்டிக்கிட்டாரே' என்று ஓடிவந்து மறுபடியும் உதைத்தார். கடைசியில், மீன்காரர் சாப்பிட வீட்டுக்குப் போகும்வரை அத்தான் ஒரு புதரின் பின்னால் படகோடு ஒளிந்திருந்து, அவர் தலை மறைந்த பிறகு வந்து, நிம்மதியாக மாட்டிக்கொண்டார்.

இதை நான் முன்னறையில் நடித்துக் காட்டினேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கையில் ஒரு பொம்மைக் காரை வைத்துக்கொண்டு புள்ளியையே பார்த்தாள்.

"மெதுவாப் போகுதுடா," என்றாள்.

"அது எப்பவும் மெதுவாத்தான் போகும்."

"இல்ல. நேத்தும் இன்னைக்கும் பாரு. கரையை ஒட்டியே போகுது. நடு ஆத்துக்கு வரவே இல்ல."

அன்று சாயங்காலம் அத்தானோடு போனில் பேசும்போது அவள் வேறு எதையும் கேட்கவில்லை. "எந்தக் கை?" என்று மட்டும் கேட்டாள்.

"வலது. தோள் கொஞ்சம் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்."

கொஞ்சம் இல்லை. ஆற்றங்கரை ஊர் ஒன்றில் மருத்துவரிடம் காட்டியதற்கு, தசை கிழிந்திருக்கிறது, கையைத் தோளுக்கு மேலே தூக்கவே கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் போட வேண்டிய துடுப்பை இடது கையால் மட்டும் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார் மனிதர். இன்னும் ஒரு அணை. அணைக்குக் கீழே அந்த ஆறு பெரிய ஆற்றில் போய்ச் சேர்கிறது. மறுகரை தெரியாத அகலம். சரக்குக் கப்பல்கள் போகும் வழி. கப்பல் கிளப்பும் அலையில் படகு கவிழ்ந்தால், இரண்டு கையும் இருப்பவனே நிமிர்த்தப் படாத பாடு படுவான்.

"நிறுத்திடுங்க," என்றாள் அக்கா.

"கூட்டம் போட்டுச் சொல்லிட்டு வந்திருக்கேன். என்ன மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிறுத்துறது?"

போனை வைத்துவிட்டு அக்கா என்னிடம், "காலையில அணைக்குப் போறோம்," என்றாள்.

பயிற்சிக் காரில்தான் போனோம், கூரைமேல் 'பழகுநர்' என்ற பலகையோடு. அவள் ஓட்டினாள். வழியெல்லாம் மற்ற வண்டிகள் எங்களுக்கு மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டன.

அணை இருக்கும் ஊர் சின்ன ஊர்தான். மேல்பக்கம் ஒரு படித்துறை. அங்கிருந்து ஒரு கடைத்தெரு. டயர் கடை, சலூன், இரும்புக் கடை, டீக்கடை. தெரு முடியும் இடத்தில் செங்குத்தாக ஒரு ஏற்றம். ஏற்றத்தின் உச்சியில் அணைச் சாலை. அதைத் தாண்டினால் கீழ்ப்பக்கத் தண்ணீருக்கு இறக்கம். நாங்கள் போனபோது அத்தான் தெருவின் பாதியில் இருந்தார்.

முதலில் படகைத்தான் அடையாளம் கண்டேன். இரண்டு சக்கரத் தள்ளுவண்டியில் ஏற்றி, அதன் கயிற்றை இடுப்பில் கட்டி, முன்னால் குனிந்து இழுத்துக்கொண்டிருந்த அந்தத் தாடிக்காரர் வேறு யாரோ என்று நினைத்தேன். உதடு வெடித்திருந்தது. வலது கையை மிதவைச் சட்டைக்குள் செருகியிருந்தார். தொப்பையைக் காணவில்லை, ஆனால் அதிகாரம் அப்படியே இருந்தது.

"தொடாதீங்க! யாரும் தொடாதீங்க!"

"ஏன்யா, ஷாக் அடிக்குமா?" என்று டயர் கடைக்காரர் கேட்டார். அவர் பின்னால் பாதித் தெரு வந்துகொண்டிருந்தது.

"அண்ணே, ஒரு பக்கம் நான் பிடிக்கிறேனே. புண்ணியமாப் போகும்."

"வேண்டாம். நன்றி. தள்ளி நில்லுங்க."

"இவ்வளவு கோவமா நன்றி சொல்ற ஆளை நான் பாத்ததே இல்ல," என்றார் சவரக் கத்தியோடு வெளியே வந்திருந்த சலூன்காரர். உள்ளே நாற்காலியில் பாதி முகத்தில் நுரையோடு ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்களைப் பார்த்ததும் அத்தானின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. உடனே சரிசெய்துகொண்டார். "மச்சான், நல்லவேளை வந்தே. பின்பக்கம் நில்லு. ஒருத்தனையும் கிட்ட விடாதே."

நின்றேன். உலகத்தில் கெட்டவர்களை விரட்டுவதற்கு ஆயிரம் உத்தியோகம் இருக்கிறது. நல்லவர்களை விரட்டும் உத்தியோகம் எனக்கென்று எழுதிவைத்திருந்தது. அக்கா பேசாமல் நடைபாதையில் கூடவே வந்தாள். கைப்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு பிடித்திருந்தாள்.

ஏற்றத்தின் தொடக்கத்தில், சாக்கடை மூடியின் கம்பிகளுக்கு நடுவே தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் இறங்கிவிட்டது. அத்தான் இழுத்தார். வரவில்லை. திரும்பி, இடது தோளைக் கொடுத்துத் தள்ளினார். வரவில்லை. படகு தெருவுக்குக் குறுக்கே படுத்துவிட்டது. மேலிருந்து வந்த லாரி ஒன்று நின்றது. அதன் பின்னால் இன்னும் சில வண்டிகள் நின்று ஹாரன் அடித்தன.

லாரி டிரைவர் இறங்கி வந்தார். வாசலை அடைக்கிற உருவம். படகை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நாலு பேர் போதும். எங்க வைக்கணும்?" என்றார்.

"வேண்டாம் அண்ணே," என்றார் அத்தான். இந்த முறை அதில் கோபம் இல்லை. அப்படியே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தார். சட்டைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து மடியில் வைத்தார். அது தூங்கும் குழந்தையின் கை மாதிரி கிடந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல், "மச்சான், படகோட வால் பக்கமே நிக்கிறே. பாத்து. கை கிய் பட்டுடப் போகுது," என்றார்.

"படாது அத்தான்."

"படாதுன்னு சொல்ல முடியாது. ஒரு வண்டி உரசிக்கிட்டு வந்தா, நீ சட்டுனு பிடிக்கத்தான் செய்வே. மனுஷ சுபாவம்."

"இல்ல அத்தான், ஜாக்கிரதையா இருக்கேன்."

"அப்படியே பட்டாலும் உன்மேல தப்பு சொல்ல முடியாது, இல்ல? தெரியாமப் பட்டதுதானே?"

எனக்கு இப்படிப்பட்ட விஷயங்கள் உறைக்க நேரமாகும். உறைத்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் என்னிடம் 'இதைச் செய், அதைச் செய்யாதே' என்று சொன்னாரே தவிர, எதையும் கேட்டதில்லை இந்த மனிதர். இப்போது கேட்டுக்கொண்டிருந்தார், கண்ணால். என் கை படகில் பட்டால் போதும். விதி முறிந்துவிடும். திரும்பிப் போய் மறுபடி வர அவருக்குத் தெம்பில்லை. பயணம் முடிந்துவிடும், முடித்தவர் அவராக இருக்க மாட்டார்.

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. தொலையட்டும், முட்டாள் என்கிற பெயர் எனக்குப் புதிதா என்ன என்று நினைத்தேன். கையை நீட்டினேன்.

"கையை எடு," என்றாள் அக்கா.

எடுத்தேன்.

"என்னடி, அவன் சும்மா..." என்று தொடங்கினார் அத்தான்.

"நீங்க இருங்க." என் பக்கம் திரும்பினாள். "நீ தொட்டா என்ன ஆகும் தெரியுமா? 'கடல் வரைக்கும் போயிருப்பேன், மச்சான் கை பட்டுக் கெட்டுச்சு.' வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்வாரு. நான் பக்கத்துல நின்னு தலையாட்டணும். கொஞ்ச நாள் கழிச்சு, விட்டதை முடிக்கிறேன்னு மறுபடி கிளம்புவாரு. நீ அவரை இன்னைக்குத்தான் காப்பாத்துவே. அதுக்கப்புறம்?"

"நான் ஒண்ணுமே சொல்லலையே," என்றார் அத்தான்.

"அதைத்தான் நானும் சொல்றேன். சொல்லுங்க. போறதா இருந்தா போங்க, நான் குறுக்கே விழல. இந்தக் கையோட அந்தத் தண்ணியில இறங்கினா வீட்டுக்கு வர மாட்டீங்கன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நிக்கிறதா இருந்தா நீங்க நில்லுங்க. அவன் தலையில கட்டாதீங்க."

ஹாரன்கள் நின்றுவிட்டிருந்தன. தெரு முழுவதும் அத்தானின் பதிலுக்காகக் காத்திருந்தது. நுரை முகத்துக்காரர்கூட வாசலுக்கே வந்துவிட்டார்.

அத்தான் எழுந்தார். கடைசியாக ஒரு தடவை படகுக்கு இடது தோளைக் கொடுத்தார். கால் வழுக்கியது, அவரை அறியாமல் வலது கை போய் ஊன்றியது. அவரிடமிருந்து வந்த சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அக்கா ஒரு அடி எடுத்துவைத்து, அங்கேயே நின்றுகொண்டாள்.

அப்படியே குனிந்த நிலையில் படகின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்கி, எங்களிடம் அல்ல, லாரி டிரைவரிடம் சொன்னார்.

"அண்ணே, ஒரு கை பிடிக்கிறீங்களா?"

அவ்வளவுதான். அவர் சொல்லி முடித்தாரா என்றே எனக்குச் சந்தேகம். இவ்வளவு நேரம் கட்டிவைத்திருந்த மொத்தத் தெருவும் அவிழ்ந்து படகின்மேல் விழுந்தது. டயர் கடைக்காரர், சலூன்காரர், டீக்கடையில் பாதிக் கிளாஸை வைத்துவிட்டு ஓடிவந்தவர்கள், நுரை முகத்துக்காரர். எனக்குப் பிடிக்க இடம் கிடைக்கவில்லை. ஒருவரின் கைமேல் கைவைத்துக்கொண்டு ஓடினேன். படகு காற்றில் போயிற்று. ஏற்றத்தில் ஏறியது, அணைச் சாலையைத் தாண்டியது, இறக்கத்தில் இறங்கியது. யாரும் எதையும் கேட்கவில்லை. தூக்கக் கிடைத்ததே பெரிது என்பதுபோல ஓடினார்கள். பின்னால் அத்தான் ஏதோ கத்திக்கொண்டே வந்தார். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்தோம்.

கீழ்ப்பக்கத் தண்ணீரில் படகைப் பூப்போல இறக்கினார்கள். லாரி டிரைவர் முழங்கால் தண்ணீரில் நின்று, படகு ஆடாமல் பிடித்துக்கொண்டு, "ம், ஏறுங்க," என்றார்.

அத்தான் மூச்சிரைக்க வந்து நின்றார். "நான் போகல."

"என்னது?"

"நான் போகல அண்ணே. அதைத்தான் பின்னாடியே கத்திக்கிட்டு வர்றேன்."

"அப்ப எதுக்குய்யா தூக்கச் சொன்னே?"

"கார்ல ஏத்தறதுக்கு. கார் மேல தெருவில நிக்குது."

கரையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. நியாயமான கோபம்தான். உயிரைக் கொடுத்து ஓடிவந்திருக்கிறார்கள். "ஏன் போகல?" என்று டயர் கடைக்காரர் அதட்டிக் கேட்டார். அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

அத்தான் என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தோள் போயிடுச்சு. முடியல," என்றார். பிறகு, அதுவும் போதாது என்று தோன்றியதோ என்னவோ, கொஞ்சம் உரக்க, "பயமா இருக்கு," என்றார்.

"இதைச் சொல்றதுக்கா இவ்வளவு தூரம் தண்ணியில வந்தே?" என்றார் டயர் கடைக்காரர். ஆனால் கோபம் போய்விட்டது. "சரி, பிடிங்கப்பா. மேல தூக்கணுமாம்."

படகு மறுபடியும் எழுந்தது. ஏற்றத்தில் முனகிக்கொண்டும் திட்டிக்கொண்டும் போனார்கள். இந்த முறை எனக்கு வால் பக்கம் இடம் கிடைத்தது. அத்தானும் வந்து ஒரு ஓரத்தில் இடது கையை வைக்கப் பார்த்தார். "நீங்க தள்ளிப் போங்க சார், காலுக்குள்ள வராதீங்க," என்று சலூன்காரர் விலக்கிவிட்டார். தன்னுடைய படகுக்குப் பின்னால் வெறும் கையோடு நடந்துவந்தார். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே அவருக்குத் தெரியவில்லை; முதுகுக்குப் பின்னால் கட்டப்பார்த்தார், தாடியைத் தடவினார், யாரோ ஒருவருக்கு வழிகாட்டுவதுபோல நீட்டினார்.

அக்கா அவர் பக்கத்தில் வந்து கைப்பையை நீட்டினாள்.

"சும்மாத்தானே வர்றீங்க. இதைப் பிடிங்க."

வாங்கிக்கொண்டார்.

"நேராப் பிடிங்க. உள்ள தண்ணி பாட்டில் இருக்கு, கொட்டிடும்," என்றாள்.

நேராகப் பிடித்துக்கொண்டார்.